மோட்டாரைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வடக்கே வாளையாறு, கஞ்சிக்கோடு. தமிழக எல்லையை ஒட்டிய இந்தப் பாலக்காட்டுப் பக்கத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் மட்டை மில், அரிசி மில், கிரஷர், சின்னப் பட்டறை என்று எங்கே போனாலும் ஒரே கதைதான். மோட்டார் எரிந்தது, பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ அனுப்பிக் காயில் கட்டினோம், மாட்டினோம், சில மாதத்தில் மறுபடியும் போய்விட்டது. பழி காயில் கட்டியவர் தலையில் விழுகிறது. இரண்டு தடவையும் அதே கேபிளில்தான் மாட்டினோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

சைஸ் பத்தாத கேபிள், தான் எரிவதற்கு முன்னால் மோட்டாரை எரித்துவிடும். அதனால்தான் தேடல் எப்போதும் தப்பான இடத்தில் தொடங்குகிறது. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன அளக்க வேண்டும், அளந்தது என்ன சொல்கிறது, கேபிளை எப்போது மாற்ற வேண்டும், எப்போது மாற்றத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன். 415 வோல்ட் மூன்று பேஸ் மோட்டார்களுக்கான கணக்கு இது.

முதலில் நான்கு எண்கள்

ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டர், நல்ல மல்டிமீட்டர் ஒன்று, முடிந்தால் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் ஐஆர் தெர்மாமீட்டர், நீளம் அளக்க டேப். இவ்வளவு போதும். மீட்டரில் 600 வோல்ட், கேட் 3 (CAT III, மீட்டரின் பாதுகாப்புத் தரம்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் மோட்டாரில் அளக்கும் வேலையை பெர்மிட் உள்ள ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். கையுறை, காலடியில் ரப்பர் மேட், பக்கத்தில் இன்னொரு ஆள், மூன்றும் இல்லாமல் பேனல் கதவைத் திறக்க வேண்டாம். மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்துபோட்டு ஓட்டவும் வேண்டாம். ஸ்டார்ட்டர் மெஷின் பக்கத்திலேயே இருந்தால் அதன் உள்வரும் டெர்மினலில் அளந்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எடுக்க வேண்டிய எண்கள்: பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர், லோடில் ஓடும்போது மூன்று பேஸிலும் ஓடும் ஆம்பியர், அதே நேரத்தில் மெயின் பேனலில் உள்ள வோல்டேஜ், அதே நேரத்தில் மோட்டார் பக்கத்து வோல்டேஜ். பெயர்ப்பலகை அழிந்துபோயிருந்தால் எச்பிக்கு 1.4 ஆம்பியர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 10 எச்பிக்கு 14, 50 எச்பிக்கு 66 முதல் 70 வரை வரும்.

"வோல்டேஜ் பார்த்துட்டேனுங்க, 410 இருக்குது" என்பார் ஆபரேட்டர்.

"எங்க பாத்தீங்க?"

"பேனல்லதானுங்க. மெஷின் போடறதுக்கு முன்னாடி."

அந்த 410 நமக்கு எதுவுமே சொல்லாது. கரண்ட் ஓடாத கேபிளில் வோல்டேஜ் விழாது. மட்டை முழுசாக விழுந்து மெஷின் திணறும்போது, மோட்டார் முனையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டு பேர், இரண்டு முனை, போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் அளங்கள். இந்த ஒரு அளவீட்டுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றாலும் தப்பில்லை.

ஸ்டார்ட் செய்தால் உறுமுகிறது, வேகம் எடுக்க மாட்டேன் என்கிறது, ஷெட் விளக்கெல்லாம் மங்குகிறது

இந்தப் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். கேபிளின் நீளத்தைப் பற்றி யாரும் யோசிக்காததால் வருவது.

ஒரு மட்டை மில்லை எடுத்துக்கொள்வோம். மெயின் பேனல் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், ரோட்டு ஓரம். மட்டை அடிக்கும் மெஷின் களத்தைத் தாண்டி 180 மீட்டர் தள்ளி. 50 எச்பி மோட்டார், பெயர்ப்பலகையில் 66 ஆம்பியர். முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் எடுத்து, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மெஷின் அருகில் இருக்கிறது. பேனலிலிருந்து ஸ்டார்ட்டர் வரை 25 சதுர மி.மீ அலுமினிய ஆர்மர்டு கேபிள், பிவிசி. கடைக்காரரிடம் கேட்டால், "25 ஸ்கொயர் 70 ஆம்பியர் தாங்கும், உங்களுக்கு 66தானே" என்பார். ஐஎஸ் 3961 என்ற இந்தியத் தர அட்டவணையிலும் காற்றில் போட்ட 25 சதுர மி.மீ அலுமினிய கேபிளுக்கு 70 ஆம்பியர் என்றுதான் இருக்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை.

இப்போது வோல்டேஜைப் பாருங்கள். 25 சதுர மி.மீ அலுமினியத்தின் மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 1.20 ஓம். கேபிள் சூடாகி 70 டிகிரிக்குப் போனால் 1.44 ஓம். வோல்டேஜ் விழுவதற்கான கணக்கு: 1.732 × ஆம்பியர் × கிலோமீட்டருக்கான ஓம் × பவர் ஃபேக்டர் × கிலோமீட்டரில் நீளம். ரியாக்டன்ஸ் என்று ஒன்றும் கூட வரும். இந்த சைஸில் ஓடும்போது அது சிறியது. 66 ஆம்பியர், 180 மீட்டர், பவர் ஃபேக்டர் 0.86 என்று போட்டால் 26 வோல்ட் போகிறது. 415ல் இது 6 சதவீதத்துக்கு மேல். பேனலிலேயே 400தான் இருக்கிறது என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 374.

இது நிதானமாக ஓடும்போது. ஸ்டாரில் எடுக்கும்போது லைன் கரண்ட் இரண்டு மடங்குதான் போகும் என்பதால் வோல்டேஜ் ரொம்ப விழாது. ஆனால் ஸ்டாரில் கிடைக்கும் முறுக்கு விசையே மூன்றில் ஒரு பங்கு. மெஷினுக்குள் பழைய மட்டை சிக்கியிருந்தால் மோட்டார் முழு வேகத்தைத் தொடுவதற்குள் டைமர் டெல்டாவுக்கு மாற்றிவிடும். அந்த நொடியில் ஆறு மடங்கு கரண்ட், கிட்டத்தட்ட 400 ஆம்பியர், அதே கேபிளில் பாய்கிறது. அப்போது 70 வோல்ட் வரை விழும். வோல்டேஜ் குறைந்தால் முறுக்கு விசை அதன் வர்க்கத்தில் குறையும். 415ல் 70 போனால் முறுக்கு விசை மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அதனால் உறுமல், அதனால் விளக்கு மங்கல், கடைசியில் டிரிப்.

எப்படி உறுதி செய்வது? ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் இரண்டு முனையிலும் ஒரே சமயம் பாருங்கள். பேனலில் 405 நிற்கிறது, மோட்டார் பக்கம் 340க்கு விழுகிறது என்றால் குற்றவாளி நடுவில் கிடக்கும் கேபிள். பேனலிலேயே 350க்கு விழுகிறது என்றால் உங்கள் கேபிளை மாற்றிப் பயனில்லை. டிரான்ஸ்பார்மரோ, மின்வாரிய லைனோ, உங்கள் மெயின் ஜாயின்டோ தாங்கவில்லை. அந்த எண்ணோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். "வோல்டேஜ் இல்லீங்க" என்று சொல்வதற்கும், "லோடில் 372, லோடு இல்லாமல் 408" என்று எழுதிக் கொடுப்பதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு. 415ல் 6 சதவீதம் கழித்தால் 390. அதற்குக் கீழே தொடர்ந்து போனால் புகார் எழுத உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

இந்த மில்லுக்கே 70 சதுர மி.மீ போட்டால் ஓடும்போது விழுவது 26லிருந்து சுமார் 10 வோல்ட்டாகும். டெல்டா உதறலில் 70லிருந்து சுமார் 32 ஆகும். ஒரு விஷயம், இதை மில் முதலாளிகள் கவனிக்க வேண்டும்: 25 சதுர மி.மீ கேபிளில் முழு லோடில் 3.4 கிலோவாட் வெறும் சூடாகப் போகிறது. 70ல் போவது 1.25 கிலோவாட். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 25 நாள் முழு லோடில் ஓடினால் மாதம் 500 யூனிட்டுக்கு மேல் மிச்சம். "கேபிள் விலை அதிகம்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஓடுகிறது, ஆனால் பெயர்ப்பலகையை விட அதிக ஆம்பியர், மோட்டார் கை வைக்க முடியாத சூடு

லோடு அதே லோடு என்றால், வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார் கரண்டைக் கூட்டித்தான் வேலையைச் செய்யும். 415க்கு வடிவமைத்த மோட்டார் 380ல் ஓடினால் கரண்ட் சுமார் 9 சதவீதம் கூடும். காயிலில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் போவதால் அது 19 சதவீதம் கூடும். வெளியில் 40 டிகிரி வெயில் அடிக்கும் ஏப்ரலில் இந்த 19 சதவீதம்தான் காயிலைப் பொடியாக்குகிறது.

பேனல் வோல்டேஜும் மோட்டார் வோல்டேஜும் நான்கைந்து வோல்ட்டுக்குள் ஒத்துப்போய், இரண்டுமே 400க்கு மேல் இருந்து, ஆம்பியர் மட்டும் அதிகம் என்றால் கேபிளை விட்டுவிடுங்கள். பேரிங், பெல்ட் இறுக்கம், மெஷினுக்குள் அடைப்பு, இல்லையென்றால் காயில் கட்டும்போது சுற்று எண்ணிக்கை மாறியது, இந்த நான்கில் ஒன்று. பெல்ட்டைக் கழற்றிச் சும்மா ஓட்டிப் பாருங்கள். லோடே இல்லாமல் பெயர்ப்பலகை ஆம்பியரில் பாதிக்கு மேல் இழுத்தால் காயில் கடைக்காரரிடம் பேச வேண்டியதுதான்.

கேபிள் முழு நீளத்துக்கும் சூடாக இருக்கிறது

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முழு நீளமும் சூடா, ஒரு முனை மட்டும் சூடா? முழு நீளமும் என்றால் கேபிள் தன் தகுதிக்கு மேல் சுமக்கிறது.

அட்டவணையில் உள்ள ஆம்பியர் 40 டிகிரி காற்றுக்கானது. தகர ஷெட்டின் கூரைக்கு அடியில், ட்ரேயில் போன கேபிளுக்கு மார்ச், ஏப்ரல் மதியத்தில் 50 டிகிரி சாதாரணம். பிவிசி கேபிளின் உள்கம்பி 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சுற்றிலும் 50 இருந்தால் ஏற இடம் 20 டிகிரிதான். அதனால் தாங்கும் ஆம்பியரை சுமார் 0.8ஆல் பெருக்க வேண்டும். 70 ஆம்பியர் என்று சொன்ன 25 சதுர மி.மீ அங்கே 56தான். இரண்டு மூன்று கேபிள் ஒட்டி ஒட்டிக் கிடந்தால் இன்னொரு 0.8. 70 ஆம்பியர் கேபிள் 45க்கு வந்துவிட்டது. எக்ஸ்எல்பிஇ கேபிள் 90 டிகிரி வரை தாங்கும் என்பதால் இந்த ஷெட்டுகளுக்கு அதுவே நல்லது. வோல்டேஜ் விழுவதற்கு மட்டும் எக்ஸ்எல்பிஇ மருந்தில்லை. அலுமினியம் அதே அலுமினியம்தான்.

மட்டை மில்லில் இன்னொரு தொல்லை உண்டு. நார்த்தூள் ட்ரேயில் படிந்து, மழைக் காற்றில் ஈரமாகி, வெயிலில் காய்ந்து, கேபிளை மூடிப் பாளம் பாளமாகக் கிடக்கும். சூடு வெளியே போக வழியில்லை. அட்டவணையில் இதற்கு எண் எதுவும் கிடையாது. நான் சொல்வது, மட்டை மில்லில் கேபிளை ட்ரேயில் படுக்கப் போடவே வேண்டாம். சுவரில் கிளாம்ப் போட்டு ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு ஏற்றுங்கள், தூள் தங்காது. தூள் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் இது ஆம்பியர் பிரச்சினை மட்டுமில்லை.

சைஸ் எழுதியபடி இருந்தும் சூடாகிறதா? எழுதியபடிதான் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிழைத் தாமிர ஒயரில் இது எளிது. 4 சதுர மி.மீ என்றால் 0.30 மி.மீ தடிமனில் 56 இழை, 6 என்றால் 84 இழை இருப்பது வழக்கம். துண்டு ஒன்றை உரித்து இழைகளைப் பிரித்து எண்ணுங்கள், ஸ்க்ரூ கேஜ் வைத்து ஒரு இழையைப் பிடித்துப் பாருங்கள். இழை 0.26ஆக இருந்தால் 4 என்று வாங்கியது 3 சதுர மி.மீதான். பெரிய அலுமினிய கேபிளில் கம்பியை அழுத்திச் செய்திருப்பார்கள், அளவு பிடிக்க வராது. ஐஎஸ் 8130 கேட்பதும் மின்தடையைத்தான், அதனால் தயாரிப்பாளரின் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேபிள் முனை மட்டும் சூடு, லக் கறுத்திருக்கிறது, பிளாஸ்டிக் கருகிய வாசனை

இதற்குக் கேபிளை மாற்றிவிட்டுப் புது கேபிளிலும் அதே தப்பைச் செய்பவர்கள் நிறைய. சைஸில் தப்பில்லை. முனை அடித்த விதத்தில் தப்பு.

சப்ளையை நிறுத்தி, பூட்டி, பலகை மாட்டிவிட்டு லக்கை, அதாவது கேபிள் முனையில் அமுக்கிப் போல்ட்டில் மாட்டும் உலோக முனையை, கழற்றிப் பாருங்கள். நான் பார்க்கும் கருகிய முனைகளில் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்பி லக்குக்குள் நுழையவில்லை என்று இரண்டு மூன்று இழையை வெட்டிவிட்டு அமுக்கியிருப்பார்கள். கிரிம்பிங் டூல் இல்லாமல் சுத்தியலால் தட்டியிருப்பார்கள். அலுமினியக் கம்பியில் தாமிர லக் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் அலுமினிய லக்கைக் கான்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) தாமிர டெர்மினலில் நேரடியாக முறுக்கியிருப்பார்கள்.

அலுமினியத்தை உரித்த சில நொடியில் அதன் மேல் ஆக்சைடு படலம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கரண்டை மட்டும் தடுக்கும். அதனால் கம்பியை பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஜாயின்டிங் பேஸ்ட் தடவி, லக்குக்குள் விட்டு, சரியான டையில் அமுக்க வேண்டும். தாமிரத்தோடு சேரும் இடத்தில், ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் தாமிரமும் உள்ள பைமெட்டல் லக்தான் போட வேண்டும். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெகிழும் உலோகம் என்பதால் நேற்று இறுக்கிய போல்ட் நாளடைவில் தளரும். புதிதாகப் போட்டதை ஒரு மாதம் ஓடிய பிறகு சப்ளையை நிறுத்தி ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

கழற்றாமலே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. லோடில் ஓடும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை லக்கிலும் இன்னொன்றை அது உட்கார்ந்திருக்கும் டெர்மினலிலும் வையுங்கள். மூன்று பேஸிலும் ஒப்பிடுங்கள். இரண்டில் சில மில்லிவோல்ட், மூன்றாவதில் நூற்றுக்கணக்கில் என்றால் ஆள் அகப்பட்டார். 66 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கே விழுந்தால் 33 வாட். ஒரு சால்டரிங் அயர்னை லக்கில் நாளெல்லாம் வைத்திருப்பது போல. அருகில் உள்ள பிவிசி கருகாமல் என்ன செய்யும்?

ஒரு பேஸில் மட்டும் ஆம்பியர் அதிகம்

முதலில் வோல்டேஜ் சமமா என்று பாருங்கள். மூன்று ஜோடியில் 410, 402, 388 என்று வந்தால் சராசரி 400, அதிலிருந்து அதிகம் விலகியது 12, ஆக 3 சதவீதச் சமனின்மை. வோல்டேஜில் 1 சதவீதம் பிசகினால் கரண்டில் 6 முதல் 10 சதவீதம் பிசகும். அப்படியென்றால் இங்கே ஒரு பேஸ் 20, 30 சதவீதம் அதிகம் இழுப்பதில் ஆச்சரியமில்லை. பேனலில் சமமாக இருந்து மோட்டார் பக்கம் மட்டும் பிசகினால் அந்தப் பேஸின் லக், ஜாயின்ட், கான்டாக்டர் முனை, இந்த வரிசையில் தேடுங்கள்.

வோல்டேஜ் சமமாக இருந்தும் கரண்ட் பிசகினால் ஒரு சோதனை செய்யலாம். சப்ளையை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று ஒயரையும் ஒரு இடம் தள்ளி மாட்டுங்கள். மூன்று பேஸையும் ஆர், ஒய், பி என்று வைத்தால், ஆர் இருந்த இடத்தில் பி, ஒய் இடத்தில் ஆர், பி இடத்தில் ஒய். மூன்றையும் தள்ளுவதால் சுழலும் திசை மாறாது. மறுபடி ஓட்டுங்கள். அதிக ஆம்பியர் அதே ஒயரைத் தொடர்ந்து போனால் கோளாறு சப்ளையிலோ கேபிளிலோ. ஒயர் மாறியும் மோட்டாரின் அதே முனையிலேயே நின்றால் கோளாறு காயிலில். அரை மணி நேர வேலை, ஒரு வண்டி வாடகையும் ஒரு காயில் கட்டும் கூலியும் மிச்சம்.

ஓவர்லோட் ரிலே தட்டவே இல்லை, ஆனால் காயில் எரிந்துவிட்டது

ஓவர்லோட் ரிலே என்பது ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி. ஸ்டார் டெல்டாவில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மெயின் லைனில் இருந்தால் பெயர்ப்பலகை ஆம்பியரில், அதாவது 66ல் வைக்க வேண்டும். மெயின் கான்டாக்டருக்குக் கீழே, மோட்டாருக்குப் போகும் ஆறு ஒயரில் மூன்றில் இருந்தால் அதில் 58 சதவீதம்தான் ஓடும். 66க்கு 38. அங்கே ரிலேயை 66ல் வைத்தால் லைனில் 114 ஆம்பியர் போகும் வரை அது சும்மா இருக்கும்.

இதே காரணத்தால் ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு ஒயரும் 38 ஆம்பியருக்குத்தான் கணக்கு. ஆனால் மூன்று கோர் கேபிள்கள் இரண்டு ஒரே பைப்பில் ஒட்டிப் போவதால் மேலே சொன்ன குறைப்பையும் போட வேண்டும். ஆறும் ஒரே சைஸ், ஒரே நீளம். மிச்சமிருந்த துண்டை வைத்து மூன்று தாமிரம், மூன்று அலுமினியம் என்று கலக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்த உடனே எம்சிபி தட்டுகிறது

10 எச்பி மோட்டாரை நேரடியாக எடுத்தால் முதல் நொடியில் 100 ஆம்பியரைத் தொடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (தானாகத் தட்டும் சின்ன பிரேக்கர்) 80க்கும் 160க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் உடனே தட்டும். மோட்டாருக்கு டி வகை போடுங்கள், அதற்கு 10 முதல் 20 மடங்கு வரை இடம் உண்டு.

அதை விட்டுவிட்டு 16ஐக் கழற்றி 40 போட்டு, "இப்ப தட்டலைங்க" என்று போய்விடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். கேபிள் அதே 2.5 சதுர மி.மீ. பிரேக்கர் இருப்பதே கேபிளைக் காப்பாற்றத்தான். கேபிள் தாங்கும் ஆம்பியரை விடப் பிரேக்கரின் ஆம்பியர் பெரிதாக இருந்தால் சூடு ஏறுவதைத் தடுக்க அங்கே யாருமில்லை. நார்த்தூள் நிறைந்த ஷெட்டில் அப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவது.

போர்வெல் மோட்டார்: புதிதாக இறக்கியும் தண்ணீர் குறைவு

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் தண்ணீர் ஆழத்தில். ஆயிரம் அடி இறக்கினால் கேபிளே 300 மீட்டர் போய்விடும். போர் மோட்டார்கள் அதே எச்பிக்குத் தரை மோட்டாரை விடக் கூடுதலாக இழுக்கும். 10 எச்பிக்கு 17 ஆம்பியர் என்று வைத்தால், 4 சதுர மி.மீ தாமிர ஃபிளாட் கேபிளில் 33 வோல்ட் விழும், 6ல் 23, 10ல் 14. கிணற்றுக்குள் மோட்டார் முனையில் அளக்க முடியாது என்பதால் இங்கே கணக்குதான் மீட்டர். ஸ்டார்ட்டரிலிருந்து போர்வெல் வாய் வரை உள்ள நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 இறக்கியிருந்தால் அடுத்த தடவை பைப் தூக்கும்போது 10 போடுங்கள். கேபிளுக்காக மட்டும் ஒரு தடவை தூக்கும் கூலியை யோசித்தால் முதலிலேயே பெரிதாகப் போடுவது லாபம்.

மழைக்காலத்தில் மட்டும் டிரிப், டிரைவில் மட்டும் டிரிப்

மழையில் என்றால் சைஸ் பிரச்சினையில்லை. மண்ணுக்குள் போட்ட ஜாயின்ட், எலி கடித்த இடம், கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் இல்லாமல் விட்ட ஓட்டை. இரண்டு முனையையும் கழற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் போடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டாதீர்கள்.

டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி) மாட்டிய மோட்டார் நூறு மீட்டர் தள்ளி இருந்தால், டிரைவின் கூரான அலைகள் கேபிளின் கடைசியில் எதிரொலித்து மோட்டார் முனையில் வோல்டேஜைத் தூக்கும். தடித்த கேபிளால் அது தீராது. டிரைவின் வெளியீட்டில் அவுட்புட் சோக் வேண்டும். டிரைவை மோட்டார் பக்கத்துக்கே கொண்டுபோவது எல்லாவற்றையும் விட நல்லது.

சரி, மாற்றுவது என்று முடிவானால் எந்த சைஸ்?

மூன்று தனிக் கணக்கு போடுங்கள், மூன்றில் பெரியதை எடுங்கள். பழைய 50 எச்பி மில்லையே பார்ப்போம். ஷெட்டுக்குள் 50 டிகிரி, கூட இரண்டு கேபிள் ஒட்டிப் போகிறது, ஆக 0.8 × 0.8 = 0.64.

ஆம்பியர் கணக்கு: 35 சதுர மி.மீ அலுமினியம் காற்றில் 86, அதில் 0.64 என்றால் 55, பத்தாது. 50 சதுர மி.மீ 105, அது 67 ஆகிறது. 66க்கு மயிரிழையில் தப்புகிறது.

வோல்டேஜ் கணக்கு: 50ல் 180 மீட்டருக்கு 14 வோல்ட், சுமார் 3.5 சதவீதம். 70ல் 10 வோல்ட், 2.5 சதவீதம். ஓடும்போது 3 சதவீதத்துக்குள் வைப்பது என் வழக்கம், 5 சதவீதத்துக்கு மேல் எப்போதும் விடுவதில்லை. பேனல் வோல்டேஜே ஏறி இறங்கும் எல்லைப் பகுதியில் இந்த 3ஐ விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிரேக்கர் கணக்கு: 100 ஆம்பியர் எம்சிசிபி (எம்சிபியை விடப் பெரிய பிரேக்கர்), 80ல் செட் செய்தது. 50 சதுர மி.மீ தாங்குவது 67, பிரேக்கரை விடக் குறைவு. 70 சதுர மி.மீ காற்றில் 130, அதில் 0.64 என்றால் 83. 80ஐத் தாண்டுகிறது.

ஆக 70 சதுர மி.மீ, மூன்றரை கோர் (மூன்று முழு கம்பி, நியூட்ரலுக்குச் சிறிய கம்பி ஒன்று), ஆர்மர்டு. கேபிளை இடைவெளி விட்டு ஏற்றினால் ஆம்பியர் கணக்கு தளரும், நீளக் கணக்கு தளராது. மோட்டார் 40 எச்பியிலிருந்து 50 ஆனபோது, ஷெட்டைப் பின்னால் தள்ளிக் கட்டியபோது, அப்போதெல்லாம் இந்த மூன்றையும் மறுபடி போட வேண்டும்.

வாங்கும்போது கடையில் இருக்கும் கேபிளுக்கு ஏற்ற லக், கிளாண்ட் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். 70க்கு 50 லக்கை வைத்து இழையை வெட்டும் கதை அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் கொடுங்கள், ஆர்மரை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாம் மாட்டி, லோடு கொடுத்து ஓடும்போது மறுபடி அந்த நான்கு எண்ணையும் எடுத்து, தேதி போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஏப்ரலில் மோட்டார் சூடாகிறது என்று ஆபரேட்டர் கூப்பிடும்போது எதனோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது.